டிஎன்ஏ தடுப்பூசியில் சைட்டோகைன் சேர்த்தும் பலன் தெரியவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை தேடும் வழி

“அக்கா, ஐஎல்-12 போட்ட குழுவும் போடாத குழுவும் ஒரே மாதிரிதான் வருது. வேற சைட்டோகைனுக்கு மாத்திடலாமா?”

வருடத்துக்கு நாலைந்து முறையாவது இந்தக் கேள்வி எனக்கு வரும். டிஎன்ஏ தடுப்பூசியில், நோய்க்கிருமியின் புரதத்துக்கான (ஆன்டிஜென்) ஜீனைப் பிளாஸ்மிட் என்ற வட்ட டிஎன்ஏவில் வைத்து எலிக்கு ஊசியாகப் போடுகிறோம். நோயெதிர்ப்பு செல்களுக்குச் சைகை தரும் புரதம்தான் சைட்டோகைன், ஐஎல்-12 அவற்றில் ஒன்று; அதன் ஜீனையும் சேர்த்துப் போடுவது நோயெதிர்ப்பைக் கூட்டத்தான். கேட்பவர்கள் பெரும்பாலும் திருச்சியிலிருந்தோ வேலூரிலிருந்தோ பெங்களூருக்கு ஆராய்ச்சிக்கு வந்து, மத்திகெரேயிலோ எலகங்காவிலோ அறை எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளைகள். பேராசிரியரிடம் கேட்கத் தயங்குவதைத் தமிழில் என்னிடம் கேட்டுவிடுவார்கள். “மாத்தாதீங்க. தப்பு சைட்டோகைன் மேலதான்னு இன்னும் தெரியலையே” என்பதுதான் என் முதல் பதில். நான் பார்த்த சிக்கல்களில் பெரும்பாலானவை பிளாஸ்மிடிலோ, ஒப்பீட்டுக் குழுவிலோ, அளந்த விதத்திலோ இருந்தன.

அப்படிச் சொல்லிச் சொல்லிச் சேர்ந்ததைத்தான் இங்கே அறிகுறி வாரியாக எழுதுகிறேன். ஒவ்வொன்றிலும் செலவில்லாத சோதனை முதலில், எலியைத் தொடும் சோதனை கடைசியில். அவசரப்பட்டு ஒரு சோதனையைத் திரும்பச் செய்தால் நாற்பது எலிகள் போகும். அது எனக்கு ஒவ்வொரு முறையும் மனதை உறுத்தும்.

## எதற்கும் முன்: குழுக்களைத் தாளில் எழுதுங்கள்

ஒரு குழுவுக்கு ஆன்டிஜென் பிளாஸ்மிட் 50 மைக்ரோகிராம். இன்னொரு குழுவுக்கு அதே 50-உடன் சைட்டோகைன் பிளாஸ்மிட் 50. இப்படி எழுதியிருந்தால் இங்கேயே நில்லுங்கள். இரண்டாவது குழுவுக்கு 100 மைக்ரோகிராம் டிஎன்ஏ போயிருக்கிறது. பாக்டீரியாவில் வளர்த்த பிளாஸ்மிடில் மெத்தில் ஏறாத சிபிஜி தொடர்கள் இருக்கும். நோயெதிர்ப்பு செல்லில் உள்ள டிஎல்ஆர்9 என்ற உணர்வி அவற்றைப் பிடித்துக்கொள்ளும். செல்லுக்குள் நுழைந்த டிஎன்ஏவை ஸ்டிங், டிபிகே1 வழித்தடம் தனியாக உணரும். ஜீன் எதுவும் இல்லாத வெறும் பிளாஸ்மிடே ஒரு தூண்டிதான்.

ஆகவே நான்கு குழுக்கள் வேண்டும்: ஆன்டிஜென் + வெற்றுப் பிளாஸ்மிட், ஆன்டிஜென் + சைட்டோகைன், வெற்று + சைட்டோகைன், வெற்று மட்டும். நான்கிலும் மொத்த டிஎன்ஏ ஒரே அளவு. வெற்றுப் பிளாஸ்மிட், சைட்டோகைன் ஜீனைத் தாங்கும் அதே முதுகெலும்பாக (ஜீன் நீங்கலான மீதி டிஎன்ஏ) இருக்கட்டும். இந்த நான்கும் இல்லாத முடிவை வைத்துக்கொண்டு கீழே படிப்பதில் பயனில்லை.

## அறிகுறி 1: சைட்டோகைன் சேர்த்தும் நோயெதிர்ப்பு ஏறவில்லை

### ஆன்டிஜென் தனியாக ஏறுகிறதா?

இல்லை என்றால் சைட்டோகைனை மறந்துவிடுங்கள். பிளாஸ்மிடை ஜெல்லில் ஓட்டுங்கள். முறுக்கிய வட்ட வடிவம்தான் வேகமாக ஓடி முன்னால் நிற்கும். பெரும்பகுதி அங்கே இருக்க வேண்டும். பின்தங்கிய திறந்த வட்டப் பட்டை தடித்திருந்தால் தயாரிப்பிலோ, உறைய வைத்து உருக்கியதிலோ இழை அறுந்திருக்கிறது. தூய்மையைக் காட்டும் 260/280 ஒளி உறிஞ்சல் விகிதம் 1.8 முதல் 2.0 வரை இருக்கிறதா பாருங்கள். அளவு சரிதானா என்பதை நானோடிராப் ஒளிமானியை மட்டும் நம்பாமல் ஜெல்லிலும் ஒத்துப் பாருங்கள். ஆர்என்ஏ கலந்திருந்தால் நானோடிராப் அதையும் டிஎன்ஏ என்றே எண்ணும்.

அடுத்து, ஹெக்293 செல்லில் டிரான்ஸ்ஃபெக்ட் செய்து (பிளாஸ்மிடைச் செல்லுக்குள் செலுத்தி), 48 மணி நேரத்தில் புரதத்தைப் பட்டையாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட். பட்டை வரவில்லையா? பிளாஸ்மிடை முழுதாகச் சீக்வென்ஸ் செய்ய அனுப்புங்கள். ஜீனை மட்டும் அல்ல, ஜீனை இயக்கும் சிஎம்வி புரொமோட்டரையும் ஜீனின் முடிவில் வரும் பாலி-ஏ பகுதியையும் சேர்த்து. புரொமோட்டரில் ஒரு துண்டு காணாமல் போன பிளாஸ்மிடை ஒரு பிள்ளை எட்டு மாதம் ஊசியில் போட்டதைப் பார்த்திருக்கிறேன்.

ஏறுகிறது, ஆனால் ஏற்கெனவே உச்சத்தில் இருக்கிறது என்றால் சைட்டோகைனுக்குக் காட்ட இடமே இல்லை. ஆன்டிஜென் பிளாஸ்மிடை ஐந்தோ பத்தோ மைக்ரோகிராமாகக் குறைத்து, மீதியை வெற்றால் நிரப்புங்கள். சேர்க்கையின் பலன் குறைந்த அளவில்தான் தெரியும்.

### ஜீன் எந்த விலங்கினுடையது?

ஐந்து நிமிட வேலை இது. நான் கண்டதிலேயே அதிகம் நடக்கும் தவறும் இதுதான். மனித ஜிஎம்-சிஎஸ்எஃப் என்ற சைட்டோகைன் சுண்டெலி செல்லில் வேலை செய்யாது. சுண்டெலியுடையது மனித செல்லில் செய்யாது. இன்டர்ஃபெரான் காமாவும் அப்படியே. மனித ஐஎல்-12 சுண்டெலிக்கு எட்டாது, ஆனால் சுண்டெலி ஐஎல்-12 மனித செல்லைத் தூண்டும். மனித ஐஎல்-2, ஐஎல்-15 இரண்டும் சுண்டெலியில் வேலை செய்யும். ஆக “மனித ஐஎல்-2 எலியில் வேலை செஞ்சுதே, ஐஎல்-12 ஏன் செய்யாது?” என்ற வாதம் எடுபடாது.

எங்கள் ஆய்வகத்திலேயே மனித ஐஎல்-12 பிளாஸ்மிடை, குழாயில் வெறும் “ஐஎல்-12” என்று எழுதியிருந்ததால், ஒரு முழுச் சுற்று எலிக்குப் போட்டோம். குழாயில் இனப் பெயரும் எழுதும் பழக்கம் அன்றைக்குத்தான் வந்தது. நீங்கள் இன்றே எழுதிவிடுங்கள்.

### புரதம் சரியான வடிவில் வெளியே வருகிறதா?

ஐஎல்-12 இரண்டு துண்டு: பி35, பி40. இரண்டும் ஒரே செல்லில் சேர்ந்தால்தான் பி70 என்ற வேலை செய்யும் வடிவம் கிடைக்கும். பி40 தனியாகவும் ஏராளமாகச் சுரக்கும். அதுவே தன்னோடு தான் இணைந்து இரட்டையானால், சுண்டெலியில் ஏற்பியை அடைத்துக்கொண்டு பி70-ஐத் தடுக்கும். நீங்கள் பி40-ஐ மட்டும் அளக்கும் எலைசா கிட் வாங்கியிருந்தால் அருமையான எண் வரும், எலியில் ஒன்றும் நடக்காது. பி70 கிட் வேண்டும். பி70 குறைவாக, பி40 மிக அதிகமாக வந்தால், இரண்டையும் இணைப்புத் துண்டால் கோத்த ஒற்றைச் சங்கிலி வடிவத்துக்கு மாறுங்கள். இரண்டு ஜீனைக் கோக்கும் ஐஆர்இஎஸ் தொடரை வைத்துக் கட்டிய பிளாஸ்மிடில் இரண்டாவதாக இருக்கும் ஜீன் பெரும்பாலும் குறைவாகவே வெளிப்படும். பி35 அங்கே இருந்தால் காரணம் அதுவாக இருக்கலாம்.

ஐஎல்-15-இன் சிக்கல் வேறு. புரதத்தை வெளியே அனுப்பும் அதன் இயல்பான முன்தொடர் நீளமானது, 48 அமினோ அமிலம். புரதம் செல்லை விட்டு மிகக் குறைவாகவே வெளியேறும். முன்தொடரை டிபிஏ என்ற நன்றாகச் சுரக்கும் புரதத்தினுடையதாக மாற்றுங்கள், அல்லது ஐஎல்-15 ஏற்பி ஆல்ஃபாவைச் சேர்த்து வெளிப்படுத்துங்கள். இரண்டாவது வழியில் வெளியேற்றமும் வீரியமும் சேர்ந்தே கூடும்.

எலைசாவில் எண் வந்தால் மட்டும் போதாது, வேலை செய்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஐஎல்-2, ஐஎல்-15-க்கு சிடிஎல்எல்-2 என்ற டி செல் வகை வளர்கிறதா பாருங்கள். ஐஎல்-12-க்கு, கான்-ஏ (டி செல் தூண்டி) கொடுத்துத் தூண்டிய எலி மண்ணீரல் செல்களின் மேல் டிரான்ஸ்ஃபெக்‌ஷன் திரவத்தை ஊற்றி, இன்டர்ஃபெரான் காமா வருகிறதா பாருங்கள். வேறொரு சோதனைக்காகக் கொன்ற எலியின் மண்ணீரலே இதற்குப் போதும்.

### இவை எல்லாம் சரி என்றால்

இப்போதுதான் சைட்டோகைனைச் சந்தேகிக்கலாம். வடிவமைப்பை மாற்றுவதற்கு முன், புரத வடிவமைப்பு தெரிந்த ஒருவரோடு ஒரு மணி நேரம் உட்காருங்கள். ஆன்டிஜெனையும் சைட்டோகைனையும் ஒரே புரதமாக இணைக்கும் யோசனை இருந்தால் கட்டாயம் உட்காருங்கள்; மடிப்பு கெட்டால் இரண்டுமே போய்விடும்.

## அறிகுறி 2: சேர்த்த பிறகு முன்பை விடக் குறைந்துவிட்டது

இந்த அறிகுறியைக் கண்டு பிள்ளைகள் பயப்படுவார்கள். எனக்கு இது நல்ல செய்தி. சைட்டோகைன் உயிரோடு இருக்கிறது, ஏதோ செய்கிறது.

முதலில், புரொமோட்டர். இன்டர்ஃபெரான் காமாவும் டிஎன்எஃப் ஆல்ஃபாவும் சிஎம்வி போன்ற வைரஸ் புரொமோட்டர்களை அடக்கும். நீங்கள் ஊக்கத்துக்காகச் சேர்த்தது ஆன்டிஜென் உற்பத்தியையே நிறுத்துகிறது. செல்லில் சோதிக்கலாம், ஆனால் ஹெக்293-இல் வேண்டாம். அது மனித செல், எலி இன்டர்ஃபெரான் காமா அதைத் தொடாது. சி2சி12 என்ற எலித் தசை செல்லில், ஆன்டிஜெனுடன் ஒருமுறை வெற்றையும் ஒருமுறை சைட்டோகைனையும் சேர்த்து, ஆன்டிஜென் பட்டையை ஒப்பிடுங்கள். அங்கேயும் குறைந்தால் காரணம் கிடைத்துவிட்டது: சைட்டோகைனின் அளவைக் குறையுங்கள், அல்லது இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள்.

இரண்டாவது, அளவு. ஜிஎம்-சிஎஸ்எஃப் குறைந்த அளவில், ஆன்டிஜெனை டி செல்லுக்குக் காட்டும் டென்ட்ரிடிக் செல்களை ஊசி போட்ட இடத்துக்கு அழைக்கும். அளவு மிஞ்சினால் டி செல்லை அடக்கும் மைலாய்ட் செல்கள் பெருகும். ஐஎல்-2 டி செல்லை வளர்க்கும், அதே கையால் ஒழுங்குபடுத்தும் டி செல்களையும் வளர்க்கும். “கொஞ்சம் போட்டா ஏறலைன்னா நிறைய போடு” என்ற கணக்கு இங்கே பலிக்காது. ஆன்டிஜெனை நிலையாக வைத்து, சைட்டோகைனை 1, 5, 25 மைக்ரோகிராம் என்று படியேற்றி, மீதியை வெற்றால் நிரப்பி, குழுவுக்கு நாலைந்து எலியோடு ஒரு முன்னோட்டம் பாருங்கள். வளைவு ஏறி இறங்கினால் அதன் உச்சிதான் உங்கள் அளவு.

மூன்றாவது, நேரம். செல்களை அழைத்து வரும் சைட்டோகைன் ஆன்டிஜெனுக்கு முன்போ உடனோ வர வேண்டும். டி செல்லைப் பெருக்கும் ஐஎல்-2 போன்றவை, டி செல் ஆன்டிஜெனைச் சந்தித்த பிறகு வர வேண்டும். 2000-இல் ரீசஸ் குரங்குகளில் வெளியான எச்ஐவி டிஎன்ஏ தடுப்பூசி ஆய்வை நான் எல்லோரையும் படிக்கச் சொல்வேன். அதில் ஐஎல்-2-ஐ ஆன்டிபாடியின் வால் பகுதியோடு இணைத்து, உடலில் அதிக நேரம் நிற்கும்படி செய்திருந்தார்கள். தடுப்பூசி பெற்ற குரங்குகள் கடுமையான கலப்பு வைரஸை (குரங்கு வைரஸும் எச்ஐவியும் கலந்தது) கட்டுக்குள் வைத்தன. பின்னால் அவற்றில் ஒன்றில் வைரஸ் ஒரே ஒரு மாற்றத்தின் மூலம் டி செல்லிடமிருந்து தப்பியது. அந்தத் தொடர்ச்சியையும் சேர்த்துப் படியுங்கள்.

அளவையோ நேரத்தையோ மாற்றுகிறீர்கள் என்றால், விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியில் அது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் திருத்தம் கேட்டு எழுதிவிட்டுத்தான் ஊசியைத் தொட வேண்டும்.

## அறிகுறி 3: வெற்றுப் பிளாஸ்மிட் குழுவும் ஏறுகிறது

முதல் சந்தேகம் எலி மேல் அல்ல, டி செல்களைப் புள்ளிகளாக எண்ணும் எலிஸ்பாட் தட்டின் மேல். பெப்டைட் (ஆன்டிஜெனின் துண்டு) இல்லாத கிணறுகளில் எத்தனை புள்ளி? அங்கேயே நிறைய இருந்தால் சீரம் பேட்சை மாற்றிப் பாருங்கள். சிவப்பணுக்களை முழுதாக உடைத்தீர்களா என்றும் பாருங்கள். புள்ளிகள் வால்நட்சத்திரம் போல ஒரு பக்கம் இழுத்திருந்தால் தட்டு அசைந்திருக்கிறது. எங்கள் கட்டடத்துக்கு அருகே மெட்ரோ தூண் வேலை நடந்த மாதங்களில் இது அடிக்கடி வந்தது. யாரும் திறக்காத இன்குபேட்டரின் கீழ்த்தட்டுக்கு மாற்றிய பிறகு புள்ளிகள் வட்டமாயின. பெப்டைட் கிணற்றிலும் கட்டுப்பாட்டுக் கிணற்றிலும் டிஎம்எஸ்ஓ கரைப்பான் ஒரே அளவு இருக்க வேண்டும்.

தட்டு சுத்தம் என்றால், அடுத்தது எண்டோடாக்சின். ஈ.கோலையின் வெளிச்சுவர்க் கொழுப்பு பிளாஸ்மிடோடு ஒட்டி வரும், அதுவே வலுவான தூண்டி. சாதாரண மிடிபிரெப் கிட் எலிக்கு உதவாது. எண்டோடாக்சின் நீக்கும் கிட் வேண்டும். ஒவ்வொரு பேட்சுக்கும் எண்டோடாக்சினை அளக்கும் எல்ஏஎல் சோதனை செய்யுங்கள். கிட் உடனே கிடைக்காதபோது நான் செய்வது: எலி மேக்ரோஃபேஜ் செல்லின் மேல் பிளாஸ்மிடைப் போட்டு டிஎன்எஃப் அளப்பேன், ஒரு கிணற்றில் எண்டோடாக்சினை முடக்கும் பாலிமிக்சின்-பி சேர்ப்பேன். பாலிமிக்சின் போட்டதும் டிஎன்எஃப் விழுந்தால் அது எண்டோடாக்சினின் வேலை.

இதில் கவனிக்க வேண்டிய பொறி ஒன்று உண்டு. சைட்டோகைன் பிளாஸ்மிடை மட்டும் வேறொருவர் வேறொரு கிட்டில் தயாரித்திருந்தால், “சைட்டோகைன் பிரமாதமாக வேலை செய்கிறது” என்று தெரிவது எண்டோடாக்சின் வித்தியாசமாக இருக்கலாம். எல்லாப் பிளாஸ்மிடையும் ஒரே வாரத்தில், ஒரே கிட்டில், ஒரே கையால் தயாரிக்கச் சொல்லுங்கள். இதைச் சரிபார்க்காமல் எழுதிய ஆய்வுக்கட்டுரை வரைவை நான் ஒருமுறை திருப்பி அனுப்பினேன். அந்தப் பெண் அழுதார், எனக்கும் கஷ்டமாக இருந்தது. மறுபடி தயாரித்துப் பார்த்தபோது வித்தியாசம் மறைந்துவிட்டது.

## அறிகுறி 4: டி செல் ஏறுகிறது, ஆன்டிபாடி ஏறவில்லை

எலியின் இனத்தைக் கேளுங்கள். சி57 பிளாக் 6 எலியிடம் ஐஜிஜி2ஏ என்ற ஆன்டிபாடி வகையின் ஜீனே கிடையாது. அதன் இடத்தில் ஐஜிஜி2சி இருக்கிறது. பால்ப்-சி என்ற வேறு இன எலிக்கு வாங்கிய ஐஜிஜி2ஏ கண்டறியும் ஆன்டிபாடியை இங்கே போட்டால் குறைத்துத்தான் காட்டும். ஐஎல்-12 ஏற்றுவதோ சரியாக அந்த வகையைத்தான்! சரியான பாட்டில் வந்ததும் சேமித்த சீரத்திலேயே திரும்ப அளந்துவிடலாம், புது எலி தேவையில்லை.

இனம் சரி என்றால், ஆன்டிஜென் செல்லுக்குள்ளேயே நிற்கிறதா, வெளியே சுரக்கிறதா என்று பாருங்கள். உள்ளேயே நிற்பது டி செல்லுக்குப் போதும், பி செல்லுக்குப் போதாது. சுரக்கும் முன்தொடரைச் சேர்ப்பது சைட்டோகைனை மாற்றுவதை விட மலிவு. எப்போது ரத்தம் எடுத்தீர்கள் என்பதும் முக்கியம். டிஎன்ஏ தடுப்பூசியில் ஆன்டிபாடி மெதுவாகத்தான் ஏறும்.

டெங்குவில் வேலை செய்பவர்களுக்கு இன்னொன்று. இங்கே ஜிகேவிகே வளாகத்தில் உள்ள என்சிபிஎஸ் (தேசிய உயிரியல் அறிவியல் மையம்) குழுவின் டெங்கு டிஎன்ஏ தடுப்பூசி ஆய்வு 2022-இல் வெளிவந்தது. அவர்கள் நான்கு வகை வைரஸின் உறைப் புரதத்திலிருந்து மூன்றாம் பகுதியை மட்டும் எடுத்து, என்எஸ்1 என்ற இன்னொரு வைரஸ் புரதத்தைச் சேர்த்தார்கள். வைரஸை முடக்காமல் வெறுமனே ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடி, டெங்குவில் நோயைத் தீவிரமாக்கக்கூடும். ஆகவே சைட்டோகைன் சேர்த்து எலைசா எண் இரட்டிப்பானதும் மகிழ்ந்துவிடாதீர்கள். வைரஸை முடக்கும் சோதனையில் அதே அளவு ஏறியிருக்கிறதா? ஏறவில்லை என்றால், உயிருள்ள வைரஸைக் கையாளும் வைராலஜி ஆய்வகத்தை அங்கேயே அழைத்துவிடுங்கள். நாமாகத் தீர்ப்பு சொல்லும் இடம் அல்ல அது.

## அறிகுறி 5: ஒரே குழுவில் இரண்டு எலிக்கு அமோகம், மூன்று எலிக்குச் சுழியம்

இது பெரும்பாலும் கை. ஊசி போடும் தசை, எலியின் பின்னங்காலில் முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் இருப்பது, மிகச் சிறியது. 50 மைக்ரோலிட்டரை ஒரே இடத்தில் வேகமாகத் தள்ளினால் ஊசித் தடம் வழியாகவே திரும்பி வந்துவிடும். இரண்டு காலுக்கும் பிரித்து, மெதுவாகத் தள்ளி, சில நொடி ஊசியை அங்கேயே வைத்து எடுங்கள். வேறு சோதனையில் இறந்த எலியில் நீலச் சாயம் போட்டுப் பழகி, வெட்டிப் பார்த்து, தசைக்குள் போயிருக்கிறதா என்று உறுதி செய்த பிறகே உயிருள்ள எலிக்கு வர வேண்டும். என்னிடம் பழகும் யாருக்கும் இதில் விலக்கு இல்லை.

பிளாஸ்மிட் கரைசல் கெட்டியாக, தேன் மாதிரி இருந்தால் பிப்பெட் சரியாக எடுக்காது. நீர்த்துப் போக வைத்து, இரவு முழுக்க 4 டிகிரியில் விட்டு, நன்றாகக் கலக்குங்கள்.

மின் துடிப்பால் டிஎன்ஏவைச் செல்லுக்குள் தள்ளும் எலக்ட்ரோபொரேஷன் பயன்படுத்தினால், கருவி காட்டும் மின்தடை எண்ணை ஒவ்வொரு எலிக்கும் எழுதி வையுங்கள். தோல் முடியைச் சரியாக மழிக்காத எலிகள்தான் பெரும்பாலும் அந்தச் சுழியங்களாக இருக்கும். எண்கள் தாறுமாறாக வந்தால் மின்முனைகளை நீங்களே பிரிக்காதீர்கள், கருவியின் சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்கள். எல்லாம் செய்தும் தீரவில்லை என்றால், கடைசியாக, ஒளி உண்டாக்கும் லூசிஃபரேஸ் புரதத்தின் பிளாஸ்மிட் போட்டு ஒளிப்படம் எடுப்பது. செலவு அதிகம், ஆனால் எந்த எலிக்கு உள்ளே போகவில்லை என்று ஒரே பார்வையில் தெரியும்.

## அறிகுறி 6: எலி சுருண்டு உட்கார்கிறது, முடி சிலிர்த்திருக்கிறது, எடை குறைகிறது

இங்கே படிப்படியான தேடல் கிடையாது. விலங்ககக் கால்நடை மருத்துவரை உடனே கூப்பிடுங்கள். இரவானாலும் கூப்பிடுங்கள். அடுத்த தவணை ஊசியை நிறுத்துங்கள்.

ஐஎல்-12 அதிகமானால் இன்டர்ஃபெரான் காமா வெள்ளமாக வரும்; மண்ணீரல் வீங்கும், எடை இறங்கும். 1990-களின் நடுவில் மனிதர்களுக்கு ஐஎல்-12 புரதத்தை நேரடியாக ரத்தத்தில் செலுத்திய சிறுநீரகப் புற்றுநோய்ச் சோதனையில் இரண்டு பேர் இறந்தார்கள். முந்தைய கட்டத்தில், தொடர் ஊசிகளுக்கு இரண்டு வாரம் முன்பு ஒரே ஒரு முன் ஊசி கொடுத்திருந்தார்கள். அடுத்த கட்டத்தில் அதை விட்டுவிட்டார்கள். உடலைப் பழக்கியது அந்த ஒரு ஊசி என்பது பின்னால்தான் புரிந்தது. பிளாஸ்மிட் வழியாகத் தசையில் உண்டாகும் அளவு இதைவிட மிகக் குறைவுதான். ஆனாலும் தவணை அட்டவணையில் கைவைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த இருவர் நினைவுக்கு வருகிறார்கள்.

மருத்துவர் பார்த்த பிறகு, சீரத்தில் சைட்டோகைன் அளவையும் பிளாஸ்மிடின் எண்டோடாக்சினையும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி அறிகுறி காட்டும்.

## அறிகுறி 7: எலியில் நன்றாக வந்தது, பெரிய விலங்கில் வரவில்லை

டிஎன்ஏ தடுப்பூசியின் பழைய நோய் இது, சைட்டோகைனுக்கு மட்டும் உரியதல்ல. எலிக்கு 50 மைக்ரோகிராம் என்பது அதன் எடைக்கு மிகப் பெரிய அளவு. 2021 ஆகஸ்ட்டில் இந்தியாவில் அவசரப் பயன்பாட்டு அனுமதி பெற்ற கோவிட் டிஎன்ஏ தடுப்பூசியான ஜைகோவ்-டியில் ஒரு தவணை 2 மில்லிகிராம். 28 நாள் இடைவெளியில் மூன்று தவணை, அதுவும் ஊசியில்லாத கருவியால் தோலுக்குள். அதில் சைட்டோகைன் இல்லை. செலுத்தும் வழியைச் சரிசெய்வதே எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு அதுதான் என் உதாரணம். ஆகவே முதலில் கருவி, பிறகு அளவு, பிறகுதான் சைட்டோகைன்.

ஜீனை அந்த விலங்கினுடையதாக மாற்றினீர்களா? மாற்றாமல் விட்டால் பலனில்லை என்பதோடு முடியாது. அந்நியச் சைட்டோகைனுக்கு எதிராக உடல் ஆன்டிபாடி செய்து, அது சொந்தச் சைட்டோகைனையும் பிடிக்கத் தொடங்கினால் என்ன ஆகும்? ஜிஎம்-சிஎஸ்எஃப்-க்கு எதிரான தன்னெதிர் ஆன்டிபாடி உள்ளவர்களுக்கு நுரையீரல் காற்றறைகளில் புரதம் தேங்கும் நோய் வருகிறது. நச்சியல் நிபுணரும் நிறுவன உயிரிப் பாதுகாப்புக் குழுவும் இல்லாமல் இந்தக் கட்டத்தில் ஒரு அடி வைக்கக் கூடாது.

அவர்களிடம் போகும்போது ஒன்று கையில் இருக்க வேண்டும்: முதல் ஊசிக்கு முன் ஒவ்வொரு விலங்கிலிருந்தும் எடுத்து, மைனஸ் 80-இல் தனியாக வைத்த கொஞ்சம் சீரம். சைட்டோகைனுக்கு எதிரான ஆன்டிபாடி உங்கள் ஊசியால் வந்ததா, முன்பே இருந்ததா என்று அவர்கள் கேட்கும் முதல் கேள்விக்கு அந்தக் குழாயில் மட்டும்தான் பதில் இருக்கும்.